சிவகிரியில் ஒரு மடக்கு

புதன்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பவுல்ராஜ் அண்ணாச்சியின் மருமகன் டேனியல். “மாமா, அப்பா போயிட்டாவ” என்றான். மாமனாரை அப்பா என்றுதான் சொல்வான். பாதி தூக்கிய ஷட்டரை இறக்கிவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகளுக்கு அண்ணாச்சியைத் தெரியாமல் இருக்காது. பம்ப்செட் சாமான் கடை. எனக்குப் பக்கத்துக் கடை. மோட்டாரை எரித்துவிட்டு வருகிறவர்களிடம், “உள்ளதச் சொல்லும் வே, ஏச மாட்டேன்” என்பார். சொன்ன பிறகு நன்றாகவே ஏசுவார். நானும் வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

அவருடைய அண்ணன் குடித்தே செத்தவர். அதனால் குடி என்ற பேச்சே அவருக்கு ஆகாது. மகள் ஜாஸ்மின், தன்னோடு படித்த டேனியலைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது அவர் கேட்டது ஒன்றுதான்: பையன் குடிப்பானா? அவள், “நீங்களே போய்ப் பாருங்கப்பா” என்றாள். அந்தப் பதில் அவரை உறுத்தியது. என்னையும் இழுத்துக்கொண்டு சிவகிரிக்குப் போனார்.

சம்பந்தம் பேசி முடியும்வரை அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். காப்பி வந்தது. “பேசி முடிப்போம், பொறவு குடிப்போம்” என்று அண்ணாச்சி ஒதுக்கி வைத்தார். டேனியலின் அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் இன்னொரு மகன் கொண்டுவந்த பாட்டிலை எடுத்துவந்து, நாங்கள் தடுப்பதற்குள் இரண்டு கிளாஸில் ஊற்றிவிட்டார். “பீருதான் அண்ணாச்சி. நம்மூரு சரக்கு மாதிரி இல்ல. அங்கன சாமியாருங்க மடத்துல காய்ச்சுதாவ.” மரியாதை செய்கிறோம் என்றே நினைத்தார், பாவம். டேனியல் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணாச்சி எழுந்து போனால் ஜாஸ்மினின் கல்யாணம் அத்தோடு சரி.

அண்ணாச்சி எழவில்லை. “நீ குடிப்பியா?” என்று டேனியலிடம் கேட்டார். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவன் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அண்ணாச்சி கையமர்த்தினார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் அவசரப்படுத்தவே இல்லை.

“குடிப்பேன் மாமா. எப்பவாவது, லீவு நாள்ல. ஜாஸ்மினுக்குத் தெரியும்.”

அண்ணாச்சி கிளாஸை எடுத்தார். கடுங்காப்பி நிறம். மோந்து பார்த்துவிட்டு ஒரு மடக்கு குடித்தார். முகம் கோணியது, கண்ணில் நீர் வந்துவிட்டது. “கருகுன கருப்பட்டிப் பாகு மாதிரில்லா இருக்கு. இதையா ஜெபம் பண்ணுத சாமியாருங்க காய்ச்சுதாவ?” என்று கிளாஸை வைத்தார்.

கை நனைத்தாயிற்று. சம்மதம் என்று அந்த வீட்டுக்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நானும் குடிக்க வேண்டியதாயிற்று. கசப்பும் இனிப்புமாகத் தொண்டையில் இறங்கிக் காது மடல்வரை சுட்டது. இரண்டாவது மடக்குக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டுவிட்டேன். “குடிக்கிறவனுக்கா அண்ணாச்சி பிள்ளையக் குடுக்கிய?”

“எங்க அண்ணன் சாகுத அன்னைக்கும் குடிக்கலன்னுதான் வே சொன்னான்” என்றார். கொஞ்ச தூரம் போனபின், “நான் ஏசுவேன்னு பயம் அவனுக்கு” என்றார்.

இதைப் படிப்பவர்களில் அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய கோபம்தான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு, கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அவர் உட்கார்ந்திருந்த விதம். அதை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். என் மகன் சென்னையில் இருக்கிறான். போனில், “நல்லாருக்கேன்பா” என்பான். சரி என்று வைத்துவிடுவேன். அடக்கம் முடிந்து வந்து அவனைக் கூப்பிட்டேன். அதையேதான் சொன்னான். “நெசமாவா மக்கா?” என்றேன். பதில் வரும்வரை போனை வைக்காமல் காத்திருந்தேன்.