சித்தாளின் வெள்ளிக் கரண்டி

சுவரின் நேர் பார்க்கத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டால் அவரிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்துப் புது ஆள் எவராவது, "ஏம்மா சித்தாள், கொத்தனார் எங்கே?" என்று கேட்டுவிட்டால் போச்சு. குண்டு ஆடி ஓயும்வரை அசையமாட்டார். பிறகு மெல்லத் திரும்புவார்.

"கொத்தனார்தான் பேசுறேன். மீசை இருந்தாத்தான் சுவரு நிக்குமா?"

கொத்தனாரம்மா என்றால் கட்டட வேலைக்காரர்களில் தெரியாதவர் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர். தலையில் துண்டுக் கட்டு, காதோரம் எப்போதும் காய்ந்த சிமெண்ட். அவரும் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தவர்தான். கொத்துக்கரண்டியைத் தொட்டதற்கு மேஸ்திரிகளிடம் வாங்காத வசவில்லை. தொட்டதை விடவும் இல்லை. இன்றைக்குத் தன் சித்தாளிடம் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துப் பூசச் சொல்கிறார். மற்ற கொத்தனார்கள் முணுமுணுப்பார்கள். "என் சுவரு, என் சித்தாள். உனக்கென்னய்யா வயித்தெரிச்சல்?" என்பார்.

அவருடைய சாக்குப் பையில், இரும்புக் கரண்டிகளுக்கு நடுவே, பழைய துணியில் சுற்றிய வெள்ளிக் கொத்துக்கரண்டி ஒன்று இருக்கிறது. கருங்காலிப் பிடி. அலகில் ஒரு பெரிய தலைவரின் பெயர். ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்ட வந்தவருக்கு விழாக் குழுவினர் கொடுத்தது. கை நழுவி அது குழிக்குள் விழுந்ததும், பெரிய மனிதர்கள் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்களாம், இறங்கத்தான் ஆளில்லை. அங்கே சித்தாளாக இருந்த கொத்தனாரம்மாவின் தாய், சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குதித்தார். எடுத்துத் துடைத்து நீட்டினார். "இறங்குனவங்களுக்குத்தான் இது" என்று தலைவர் அவரிடமே கொடுத்துவிட்டார்.

"மறுநாளும் எங்கம்மா தலையில சட்டிதான். வீட்ல வெள்ளிக் கரண்டி. வேலையில இரும்புக் கரண்டியக்கூடத் தொட விடல, பாவிங்க." இதைச் சொல்லும்போது அவர் குரல் இன்னும் கொதிக்கிறது.

தலைவரின் நினைவு இல்லத்தார் அந்த வெள்ளிக் கரண்டியைக் காட்சிக்கு வைக்கக் கேட்டு நடையாய் நடந்தார்கள். கொத்தனாரம்மா கடைசியில் இறங்கி வந்தார். ஆஸ்பத்திரிக் கல்வெட்டில் இன்ஜினியர் இருக்கிறார், காண்டிராக்டர் இருக்கிறார். மண் சுமந்த தாய் இல்லை. நினைவு இல்லத்திலாவது இருக்கட்டும் என்று நினைத்தார். "சித்தாளுக்குக் கொடுத்ததுன்னு பக்கத்துல எழுதணும். அவ்வளவுதான்" என்றார். பலமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நினைவு இல்லச் செயலாளர் வேலையிடத்துக்கே வந்தார், கண்ணாடிப் பெட்டியும் பித்தளைத் தகடுமாக. 'கொத்தனார் ஒருவருக்குத் தலைவர் வழங்கியது' என்று தகட்டில் பளபளத்தது.

"சித்தாள்னு போட்டா ஒரு மாதிரி இருக்கும்மா. கொத்தனார்னா ஒரு கௌரவம். நீங்களும் கொத்தனார்தானே?"

"நான் சண்டை போட்டு ஆனவ. எங்கம்மாவ யாரு சார் ஆக விட்டாங்க? செத்ததுக்கு அப்புறம் பதவி உயர்வா?"

"தகடு அடிச்சாச்சும்மா. நாளைக்கு மந்திரி வர்றாரு!"

"வரட்டும். காலிப் பெட்டியத் திறந்து வைக்கட்டும்."

செயலாளர் கெஞ்சினார், முறைத்தார், இது நாட்டுச் சொத்து என்றார். கொத்தனாரம்மா அதற்குமேல் பேச்சை வளர்க்கவில்லை. அவர் கையிலிருந்த தகட்டை வாங்கி, பாதி பூசியிருந்த சுவரின் ஈரத்தில் எழுத்து உள்பக்கமாக வைத்து அழுத்தினார். பையிலிருந்து வெள்ளிக் கரண்டியை உருவி, கலவையை அள்ளித் தகட்டின்மேல் சத் என்று அறைந்தார்.

"ஐயோ, வெள்ளிம்மா! வெள்ளி!" என்று செயலாளர் அலறினார்.

வாய் பிளந்து நின்ற தன் சித்தாளின் பக்கம் திரும்பினார் கொத்தனாரம்மா. "மிச்சத்த நீ பூசு" என்று கரண்டியின் பிடியை அவள் கைக்கு நீட்டினார்.