பூஜ்யத்தில் ஒளிந்திருந்த நீலம்

தோருன் அஸ்ப்லுண்டுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. உப்சாலா ஆய்வகத்தில் எல்லோரும் காபியும் ஏலக்காய் ரொட்டியுமாக அரட்டையில் இறங்கினால், அவள் மட்டும் கோப்பையோடு நடப்பாள்.

"நாற்காலியில முள்ளா இருக்கு, தோருன்?" என்பார் சக ஊழியர் ஹோக்கன்.

"உங்க பேச்சுதான் குத்துது," என்பாள்.

புரதத்தை அளப்பது அவள் வேலை. சாயம் ஊற்றினால் புரதம் நீலமாகும். நீலம் கூடினால் புரதம் கூடுதல். அளப்பதற்கு முன், புரதம் இல்லாத திரவத்தைக் காட்டிக் கருவியில் பூஜ்யம் வைக்க வேண்டும். அதை அவள் சுத்தத் தண்ணீரில்தான் வைத்தாள்.

அவள் அளவுகளை நம்பித்தான் ஆய்வு மாணவன் ரூரிக் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினான். நோயாளிகளின் தசையில் ஒரு நொதி சோம்பிக் கிடக்கிறது என்பது அவன் முடிவு. இன்று மதியம், அங்குள்ள பழைய வழக்கப்படி, அந்த ஆய்வேட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டப்போகிறான். மாட்டிவிட்டால் ஊரறிய வெளியிட்டதாகக் கணக்கு.

சில வாரங்களாகவே அவளுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. அந்த நோயாளிகளின் தசை எளிதில் கரையாது. அதனால் அதற்கு மட்டும் சோப்பு கலந்த திரவம். துளியூண்டு தசை போட்டாலும் நீலம் ஏனோ தூக்கலாகவே வந்தது. இன்று காலை தசையே போடாமல் வெறும் சோப்புத் திரவத்தில் சாயத்தை விட்டாள். அதுவும் நீலமானது.

பூஜ்யத்தை அந்தத் திரவத்தில் வைத்திருக்க வேண்டும். சோப்பையும் புரதமென்று எண்ணிவிட்டாள். அவள் புரதத்தைக் கூட்டிச் சொன்னதால்தான், அத்தனை புரதத்துக்கு நொதி செய்த வேலை குறைவாகத் தெரிந்தது. நொதி சோம்பவே இல்லை. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அவளுடைய பெயரும் கெடாது. ஆனால் அந்தத் தப்பான முடிவை நம்பித்தான் மருந்து தேடுவார்கள்.

நீலமான அந்தச் சோதனைக் குழாயைக் கையில் பிடித்தபடி படியிறங்கி ஓடினாள். கூடத்தில் கைதட்டல். ரூரிக் ஆணியை அடித்து முடித்திருந்தான்.

"ரூரிக், இதைப் பாரு. இதுல புரதமே இல்ல."

அவன் பார்த்தான். முகம் வெளுத்தது. "பூஜ்யம் எதுல வெச்சீங்க?"

"தண்ணில. தப்பு என்னுது. நானே பேராசிரியர்கிட்ட சொல்றேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"காலையிலதான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் கொஞ்ச நேரம் பயந்து நின்னேன்."

ரூரிக் சுத்தியலைத் திருப்பிப் பிடித்து ஆணியைப் பிடுங்கினான். பிடுங்கிய ஆணியை அவள் கையில் வைத்தான்.

"எல்லாத்தையும் மறுபடி அளக்கணும். அதுவரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றான்.

அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.