பிழை நின்ற இடம்

மடிக்கணினித் திரையில் ஒரு வரியின் மேல் வைத்த விரலை அக்கா வெகுநேரம் எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, நான் சன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்று நாங்கள் அழைத்தது எங்கள் தலைமைப் பொறியாளரை. மலையகத்தில் வலப்பனைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்து, கொழும்பில் பெயர் எடுத்தவர். தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியின் காற்றாடிகளை ஈரப்பதம் பார்த்து இயக்கும் சிறு கணினியை நாங்கள் பொருத்தியிருந்தோம். அதன் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, திடீர் திடீரென முடங்கியது. காற்றாடிகள் நின்று, ஒரு நாள் கொழுந்து முழுவதும் சூடேறிச் சிவந்து வீணாயிற்று.

தோட்டத்தின் மேலாளரான துரை கோபத்தோடு வந்து நின்றபோது, கூடியிருந்த ஆட்கள் எல்லாரும் கேட்க, அக்கா சட்டென்று சொன்னார்: "எங்க பக்கம் பிழை இல்ல சேர். வயரிங்தான் சரியில்ல."

வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் அண்ணன் அங்கேதான் நின்றார். "நான் நல்லா பாத்துத்தாங்க போட்டேன்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அவர் போன பிறகும், வயர்களை மாற்றிய பிறகும், கணினி முடங்கியது. முடங்கும்போது எதையும் காட்டாமல் தானே மறுபடி தொடங்கும்படி அதை அமைத்திருந்தோம்; புரியாத எண்கள் திரையில் ஓடினால் வாங்குகிறவர்கள் பயப்படுவார்கள் என்று அக்காதான் அப்படிச் செய்யச் சொன்னார். வேறு வழியில்லாமல், முடங்கும்போது அந்த எண்களைத் திரையில் காட்டும்படி மாற்றிவிட்டேன். கணினியின் மூளையான பிராசசர் அந்தக் கணத்தில் தன் ரெஜிஸ்டர்களில், அதாவது கைக்கெட்டும் சிறு அறைகளில், வைத்திருக்கும் எண்கள் அவை. எந்தக் கட்டளையில் நின்றது, எங்கிருந்து அங்கே வந்தது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை முடங்கியபோது அவை வரிவரியாக இறங்கின. நின்ற இடத்தின் முகவரியைத் தேடினோம். ஈரப்பத உணரியை வாசிக்கும் நிரல்பகுதி அது, அக்கா எழுதியது. உணரி பதில் தராத நேரத்தில் வந்த முகவரி வெறுமையா என்று சோதிக்காமலே அதைப் படிக்கப் போயிருந்தது. அக்காவின் விரல் நின்றது அந்த வரியில்தான்.

"துரைக்கு மெயில்ல சொல்லிட்டா போதும்க்கா" என்றேன்.

"மெயில் போட்டா அந்த அண்ணன வெரட்டுனோம்?"

நான் மடிக்கணினியை மூடிவிட்டுக் குடையை எடுத்தேன்.

இருவரும் அண்ணனின் லயத்துக்கு நடந்தோம். அவர் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே அக்கா எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"எங்கிட்ட சொல்றீங்க, சரி. அன்னைக்கு எல்லாரும் கேக்கத்தானே சொன்னீங்க?" என்றார் அண்ணன். குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் காலை பெரட்டில், வேலை பிரித்துக்கொடுக்க ஆட்கள் கூடும் நேரத்தில், அக்கா துரையின் பக்கத்தில் போய் நின்றார். "பிழை என்னோடது. அண்ணன் வேலையில ஒரு குறையும் இல்ல" என்றார். கூடையோடு நின்ற பெண்களில் சிலர் அவருடைய அம்மாவின் வயதுக்காரர்கள். நான் கடைசி வரிசையில், குடைக்குள் நின்றிருந்தேன்.

அண்ணனை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த வரியைத் திருத்திய பிறகு கணினியும் முடங்குவதில்லை. பராமரிப்புக்கு நான் போகும்போதெல்லாம், மழையில் வந்தேனா, சாப்பிட்டேனா என்று அண்ணன் தவறாமல் விசாரிப்பார். ஆனால் எங்கள் கருவி இருக்கும் அறைக்குள் மட்டும் அவர் வருவதில்லை. கூப்பிட்டால், "இருக்கட்டும் மிஸ், நீங்களே பாருங்க" என்று கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார்.