பகலில் கண் மூடக் கூடாதவள்

என் மூத்த பெண் பிறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஐப்பசி. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொண்டு பிள்ளைப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு ஒன்றும் தெளிவாக வராது. பூண்டு வாசனை வரும். மழை வரப்போகிற பகலின் மஞ்சள் வெளிச்சம் வரும். யாரோ பேசிக்கொண்டே இருப்பது கேட்கும், ஆனால் ஏரித் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு கரையில் பேசுகிறவர்களைக் கேட்பது போலத்தான். எல்லாம் தூக்கம் செய்த வேலை.

ராத்திரி முழுக்கப் பிள்ளை விழித்திருப்பாள். பொழுது விடிந்தால் ஆனந்தமாகத் தூங்குவாள். நான் தூங்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி பகலில் கண் மூடக் கூடாது. மூடினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், ஜன்னி வந்துவிடும் என்பார்கள். மற்ற வீடுகளில் இதை வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பெண்ணும் நைசாகக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்துவிடுவாள். எங்கள் வீட்டில் அது நடக்காது. அம்மாவின் கூடப் பிறந்த தங்கை ஒருத்தி இருந்தாளாம், எனக்குச் சித்தி. நான் பார்த்ததில்லை. பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அம்மா அதைப் பற்றி என்னிடம் மொத்தம் இரண்டு வார்த்தைதான் சொல்லியிருக்கிறாள். "தூங்கினா. போயிட்டா."

அப்படிப்பட்டவளிடம் போய், "அம்மா, அரைமணி நேரம்" என்று எப்படிக் கேட்பது?

இதில் கொடுமை என்னவென்றால், அதே கூடத்தின் அந்தக் கோடியில் என் அண்ணன் தூங்கிக்கொண்டிருப்பான். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் அவனுக்கு நைட் ஷிஃப்ட். காலையில் வருவான், பழைய சோற்றைக் கரைத்துக் குடிப்பான், விழுவான். அவனுக்காக அம்மா ஜன்னலைச் சாத்துவாள், கோழியை விரட்டுவாள், தெருவில் கோலி ஆடுகிற பிள்ளைகளை "நைட் ஷிஃப்ட் பாத்த புள்ள தூங்குது" என்று அதட்டி அடுத்த தெருவுக்கு அனுப்புவாள். நான் படுக்கையில் உட்கார்ந்தபடி, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவனுடைய இரண்டு உள்ளங்கால்களையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு எவ்வளவோ பேரின் நகையையும் வீட்டையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கால்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அளவுக்கு வேறு எதைப் பார்த்தும் பட்டதில்லை.

புதன்கிழமை ஊருக்கு வரும் நர்ஸம்மா பிள்ளையைத் துணித் தூளியில் போட்டுத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டார். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு. இப்போது இரண்டரை. இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். முள் அங்கேயேதான் நின்றது. பால் போதவில்லை, நிறையத் தண்ணீர் குடி, பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு என்றார். அடுத்த புதனும் இப்படியே இருந்தால் செங்கல்பட்டில் சேர்த்துவிட வேண்டியதுதான், இவ்வளவு சின்னப் பிள்ளையை விட்டுப்பிடிக்க முடியாது என்றும் சொன்னார். அந்த மெல்லிய கையில் ஊசி ஏறுவதை நான் அப்போதே பார்த்துவிட்டேன்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் போனதும் சுறாப்புட்டு கொஞ்சம் அதிகமாக வைத்தாள். பத்தியத்துக்காக அளந்து தரும் அரை டம்ளர் வெந்நீரை முழு டம்ளர் ஆக்கினாள். தூக்கத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தம்மா எழுதிட்டுப் பூடுவாங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்கும் வேலை தலைக்கு மேல் இருந்தது. மழை பிடிப்பதற்குள் நெல்லை அவித்துக் காயவைத்துவிட வேண்டும். பகலெல்லாம் கொல்லையில் அண்டாவோடு மல்லுக்கட்டுவாள். அதனால் என்னைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு அத்தையை உட்கார வைத்தாள். உறவில்லை, கூப்பிட்டுப் பழகிய அத்தை. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். நாலு பெற்று நாலையும் கட்டிக்கொடுத்தவள். இந்த வேலைக்கு ஊரிலேயே அவளை விட்டால் ஆள் கிடையாது. பேச ஆரம்பித்தால் வெற்றிலை போடத்தான் நிறுத்துவாள், அப்போதும் கையால் பேசுவாள்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நாங்கள். அத்தையின் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் நான் விழித்திருக்கிறேன் என்று அம்மாவுக்குக் கணக்கு. குரல் கொஞ்சம் நின்றாலும் "இன்னா, தூங்கிட்டாளா?" என்று கேட்பாள். "இல்ல அண்ணி, முழிச்சிகினுதான் கீறா, கண்ணுதான் கடையை மூடிட்டுது" என்பாள் அத்தை. அவள் பேச்சே அப்படித்தான். என் அண்ணன் அவள் பேச்சுக்கு மட்டும் அசையவே மாட்டான்; அவனுடைய குறட்டையை டெம்போ ரிவர்ஸ் எடுக்கிறது என்பாள். பத்தியக் குழம்பைப் பார்த்து, இதைக் குடித்தால் பால் வராது, கோபம்தான் வரும் என்பாள். அதையெல்லாம் இன்றைக்கும் சேர்த்து வைத்திருக்கிறேன், சிலர் பழைய சில்லறை சேர்ப்பது போல.

திங்கட்கிழமை மத்தியானம், பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். குன்றத்தூர் சந்தையில் வாங்கிய ஆட்டைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்த கதையை அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கண்டக்டர் கேட்கிற இடம். அந்த இடத்தில் என் கழுத்து ஒடிந்தது. கை தளர்ந்தது எனக்குத் தெரியாது. அத்தையின் வெற்றிலைத் தட்டு உருண்ட சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தேன். பிள்ளை அவள் கையில் இருந்தாள். என் மடி காலி. எனக்கும் தரைக்கும் நடுவில் எந்த இடத்தில் அவளைப் பிடித்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"இன்னா சத்தம்?" கொல்லையிலிருந்து அம்மா.

"தட்டு வுழுந்துது அண்ணி" என்றாள் அத்தை. பிறகு என் தோளைப் பிடித்துச் சாய்த்தாள். காதருகே குனிந்து, "கம்முனு படு கண்ணு. நான் பேசிகினே இருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் குரல் நிற்கவேயில்லை. நான் அதன் மேலேயே படுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆடு பஸ்ஸில் வந்தது. அதற்கு என் பெண்ணின் முகம். கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்த நர்ஸம்மா ஆட்டைத் தூளியில் போட்டு நிறுத்தார். பஸ் ரோட்டை விட்டு இறங்கி ஏரியில் ஓடியது, சத்தமே இல்லாமல், தாமரை இலைகளை ஒதுக்கிக்கொண்டு. ஜன்னலோரத்தில் நான் பார்த்தறியாத ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். நல்லாத் தூங்கு, நான் இறங்கும்போது சொல்றேன் என்றாள். அவள் சித்தி என்று எப்படியோ எனக்குத் தெரிந்தது. பயமாகவே இல்லை.

நான் தூங்கியபோது நடந்ததை அத்தை பிறகு பலமுறை சொன்னாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டி. பேசிப் பேசிக் கதை தீர்ந்துபோயிற்றாம். ஆட்டை நாலு தடவை பஸ் ஏற்றினாளாம். நடுநடுவே எனக்கும் சேர்த்து, "ஆமாவா? சொல்லு. அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டாளாம். அதுவும் தீர்ந்ததும் ஜெபம் சொன்னாள். அதுவும் முடிந்ததும் மளிகைச் சாமான் பட்டியல். துவரம்பருப்பு அரைக் கிலோ, மிளகு நூறு என்று அவள் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து உள்ளே வந்துவிட்டாள்.

அம்மா கத்தவில்லை. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளங்கையெல்லாம் உமி. அத்தைதான் முந்திக்கொண்டாள்.

"உன் புள்ள நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்து தூங்கறான், தெருவையே வாயப் பொத்த வெக்கிற. இவளும் ராவெல்லாம் ஷிஃப்ட்டுதான் அண்ணி பாக்கறா. குழந்தை கீழ வுழப் பாத்துச்சி."

அம்மா வந்து மண்டி போட்டு என் மூக்குக்குக் கீழே விரலை வைத்தாளாம். மூச்சு வருகிறதா என்று பார்க்க. எடுத்தாள். மறுபடி வைத்தாள். அத்தை பேச வாயெடுத்தபோது, கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். பிறகு விரலை எடுக்கவேயில்லை. கொல்லையில் நெல் குழைந்துபோயிற்று. அந்த வருஷம் அந்த ஒரு அண்டா நெல்லின் அரிசியைக் குழைந்த சோறாகத்தான் சாப்பிட்டோம்.

நான் கண் திறந்தபோது வெளிச்சம் மாறியிருந்தது. அம்மாவின் முகம் எனக்கு நேர் மேலே, மிகவும் கிட்டத்தில். அவள் கண் சிமிட்டவேயில்லை என்று தோன்றியது. என்னைப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தை, பாதத்தை அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை.

"எழுந்துட்டியா" என்றாள். அதற்கும் இருபது வருஷத்துக்கு முன்னால் வேறொரு கூடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்று இப்போது எனக்குப் படுகிறது. அப்போது ஒன்றும் படவில்லை. ரவிக்கை முழுக்க நனைந்து குளிர்ந்திருந்தது. மழைதான் ஓட்டு வழியாகச் சொட்டிவிட்டது என்று நினைத்தேன். அம்மா பார்த்துவிட்டு அத்தையிடமிருந்து பிள்ளையை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

பிள்ளை வாய் வைத்தாள். இருமினாள், புரையேறியது, மறுபடி வைத்தாள். பதினேழு நாளில் முதல் தடவையாக அவள் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. மடக், மடக் என்று. அத்தை அந்த ஒரு சத்தத்துக்காகத் தானாகவே வாயை மூடிக்கொண்டாள். மூன்று பெண்களும் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அம்மா எழுந்துபோய், செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.