பழனியிலிருந்து மன்னவனூருக்கு: சீவிய பிளைவீலும் செல்லத்தாயியின் கட்டையும்

போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை, நானும் என் மனைவி செல்லத்தாயியும் எங்கள் பழைய ஜீப்பில் பழனியிலிருந்து மன்னவனூருக்குப் போனோம். போக நூறு கிலோமீட்டர், வர நூறு. எஞ்சின் மாற்றிய பழைய வண்டியை மலைக்கு ஏற்ற நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். எனக்கு எழுபத்தொரு வயது. எங்கள் வார்டில் நடக்கும் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. போனில் ஒரு விரலால் தட்டி இதை முடிக்க ஒன்பது நாள் ஆனது. நீங்களும் மெதுவாகவே படிக்கலாம். வண்டியும் மெதுவாகத்தான் போனது.

மன்னவனூரில் செல்லத்தாயியின் அக்கா இருக்கிறார். இருவரும் பார்த்து நாலு வருடம் ஆகிவிட்டது. செல்லத்தாயிக்கு இரண்டு முட்டியிலும் வலி, பஸ் படி ஏற முடியாது. ஜீப்பில் அவளுக்காகத் தாழ்வாக ஒரு படி வெல்டிங் செய்து வைத்திருக்கிறேன். அதனால் அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஜீப்தான்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பெட்ரோல் எஞ்சினோடு பிறந்த ஜீப். பின்னால் வேறொரு வண்டியின் டீசல் எஞ்சினை வைத்தேன். கியர் பாக்ஸ் மட்டும் பழசு. இப்படிப்பட்ட வண்டிக்குக் கிளட்ச் வாங்கும்போது கடையில் ஜீப் பெயரைச் சொன்னாலும் தப்பு, எஞ்சின் பெயரைச் சொன்னாலும் தப்பு. கிளட்ச் பிளேட் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வாழ்கிற மருமகள் மாதிரி. அதன் வெளிவட்டம் எஞ்சினோடு சுற்றும் பிளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடுவில் இருக்கும் பல் கியர் பாக்ஸ் தண்டுக்குப் பொருந்த வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்பது இஞ்ச் வட்டம், பத்துப் பல். அப்படி ஒரு பிளேட் எந்தக் கடையிலும் இல்லை. திண்டுக்கல்லில் கிளட்ச் பிளேட்டுக்கு லைனிங் ஒட்டும் ஒரு கடையில் ஒன்பது இஞ்ச் பிளேட்டின் நடுவைக் கழற்றி, என் பழைய பிளேட்டின் நடுவை வைத்து ரிவெட் அடித்துக் கொடுத்தார்கள். 1,850 ரூபாய்.

பிளைவீலில் பிளேட் படும் முகம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. அதை லேத்தில் சீவ வேண்டும் என்று மெக்கானிக் காதர் பாய் சொன்னார். லேத் பட்டறையில் கூட்டம். பிளைவீலை வைத்துவிட்டு, ஒரு சீட்டில் "முகம் மட்டும் சீவவும்" என்று எழுதி, அதன் மேலேயே ஒட்டிவிட்டு வந்தேன். வகுப்புக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு ஆள் நான் எழுதியதைப் படித்து வேலை செய்யப் போகிறார்!

லேத்காரரும் எழுதியபடியே செய்தார். எல்லாம் பூட்டி, தை மாதக் கடைசியில் முதல் தடவை கிளம்பினோம்.

மலையேறி இருபதாவது கிலோமீட்டரில் எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. கருகல் வாடை அடித்தது. கிளட்ச் வழுக்கி, வண்டி பின்னால் நழுவத் தொடங்கியது. எங்கள் வண்டியில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. செல்லத்தாயி மடியில் ஒரு வேலமரக் கட்டையை வைத்துக்கொண்டுதான் மலையேறுவாள். வண்டி நின்றால் குதித்து, பின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுப்பாள். முப்பது வருடமாக அதுதான் அவள் சோலி. அன்றும் குதித்தாள். கட்டை சரியாக விழுந்தது. ஆனால் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ரோட்டிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். நான் கட்டையை மட்டும் நம்பிப் பிரேக்கை விட்டு இறங்க முடியாமல் சீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாழ்வில் நீளமான பத்து நிமிடம் அது.

வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் மெல்ல உருட்டி வீட்டுக்கு வந்ததும் நானே சொன்னேன். "இன்னும் ஒரே ஒரு தடவை. வழியில நின்னா நாயுடுபுரத்துக்காரருக்குக் குடுத்துருவோம்." கொடைக்கானல் நாயுடுபுரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர், வாசலில் நிறுத்திப் பூச்செடி வைக்க எங்கள் ஜீப்பை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"குடுத்துட்டா நான் அக்காவ எப்படிங்க பாக்குறது?" என்றாள். மறுநாளே வண்டியைக் காதர் பாயிடம் விட்டேன்.

காதர் பாய் கிளட்சை இறக்கினார். பிளேட் சரி, பல் சரி. எங்கே தப்பு என்று தெரியவில்லை. பிளைவீலை வீட்டுக்குக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லத்தாயி காலை நீட்டி எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள், "இதுல எது எது மேல உக்காருது?"

விளக்கினேன். பிளேட் நடுவில் பள்ளமான முகத்தில் படும். அதை அழுத்தும் பிரஷர் பிளேட், மேடாக இருக்கும் வெளிக்கரையில் போல்ட் போட்டு உட்காரும்.

"பள்ளத்தச் சீவினீகளே, கரையச் சீவினீகளா?"

"கரையில பிளேட் படாதே. அத எதுக்குச் சீவணும்?"

"ஊறுகா ஜாடிக்குள்ள தட்ட வச்சு மூடிய அமுக்குறேன்ல? ஊறுகா கீழ எறங்கிட்டா மூடி ஜாடி விளிம்புல உக்காந்துக்கிடும். தட்ட எங்க அமுக்கும்? உங்க மூடியும் விளிம்புலதான் உக்காந்து கெடக்கு."

உடனே காதர் பாய்க்குப் போன் செய்தேன்.  "அண்ணே, எப்பவும் ரெண்டையும்தான் சீவுவாங்க. அதான் நான் அளந்து பாக்கல" என்றார். லேத்காரரோ என் சீட்டைப் பத்திரமாக ஆணியில் குத்தி வைத்திருந்தார். "முகம் மட்டும்னு எழுத்துல குடுத்துட்டீங்க. வாயால சொல்லியிருந்தா திருப்பிக் கேட்டிருப்பேன்" என்றார். முகத்தில் அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், போயிருந்தது. கரையிலும் அதே அரை நூல் எடுத்தார். 600 ரூபாய். இந்த முறையும் சீட்டு எழுதினேன், ஆனால் பக்கத்திலேயே நின்றேன்.

புதன்கிழமை வெள்ளனே 5.10க்குக் கிளம்பினோம். செல்லத்தாயி மடியில் கட்டை. "அத பின்னாடி போடேன்" என்றேன். "வண்டியோட்டுற சோலியப் பாருங்க" என்றாள். இருபதாவது கிலோமீட்டரை இரண்டாவது கியரில் தாண்டினோம்.  7.50க்குப் பெருமாள்மலை, 52 கிலோமீட்டர். இரண்டு டீ குடித்தோம். கொடைக்கானலில் ஏரிப்பக்கம் திரும்பவில்லை. அங்கே நிறுத்தி நிறுத்தி எடுத்தால் கிளட்ச் சூடாகிவிடும். 9.40க்குப் பூம்பாறை. மேலே ரோட்டிலிருந்து பார்த்தால் ஊரும் பூண்டு வயலும் படிப்படியாக இறங்கும். அங்கே பத்து நிமிடம் எஞ்சினை ஆற விட்டோம். கடைப் பலகையில் இருந்த பூண்டு விலையை நான் உரக்கப் படித்தேன். "எனக்குக் காது கேக்குது" என்றாள் செல்லத்தாயி.

பூம்பாறை தாண்டி ஒரு செங்குத்தான வளைவில் எதிரே பஸ் வந்தது. ஒதுங்க இடமில்லை. பாதி ஏற்றத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. எங்கள் கை பிரேக் பெயருக்குத்தான் இருக்கிறது.

"எறங்கட்டுமாங்க?" கட்டையை இறுக்கிக்கொண்டு அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"எறங்காத."

"கட்ட வைக்காம எப்படி?"

"செல்லத்தாயி, எறங்காதம்மா."

பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்ன தாத்தா, மியூசியத்துக்கா?"

"ஏலே, உன் பஸ்ஸும் அங்கதான் வரும், வெரசா ஒதுக்கு!" என்றாள் செல்லத்தாயி. பஸ்ஸுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் பின்னால் எடுத்து வழிவிட்டார்.

கிளட்சை மெல்ல விட்டேன். பாதத்துக்கு அடியில் அது பிடிப்பது தெரிந்தது. எஞ்சின் ஒரு முக்கு முக்கியது. பிரேக்கை விட்டேன். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை, மேலே போனது. வளைவு முடியும்வரை அவள் கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு கட்டையை மடியிலிருந்து எடுத்து, காலடியில் வைத்து, அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

10.50க்கு மன்னவனூர். செல்லத்தாயியின் அக்கா, என் மதினி, வாசலிலேயே நின்றார். அக்காவும் தங்கையும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுததை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது. கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. இரண்டு இரவு தங்கினோம், இரவில் நல்ல குளிர். கம்பளி கட்டாயம் கொண்டுபோங்கள்.

வெள்ளிக்கிழமை திரும்பும்போது பூம்பாறையில்தான் கவனித்தேன், கட்டையைக் காணோம்.

"அக்கா அதுமேல உக்காந்துதான் கேரட் நறுக்குறா. குடுத்துட்டு வந்துட்டேன். இனி எதுக்கு?" என்றாள்.

இப்போது உங்களுக்குச் சில வார்த்தை. போக வர டீசல் இருபது லிட்டர் ஆனது. வெளியூர் வண்டி என்றால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டுமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். எஞ்சின் மாற்றிய வண்டியா, கிளட்ச் வாங்கும் முன் பிளைவீலை அளந்து, கியர் தண்டின் பல்லை எண்ணி, பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். முகம் பள்ளமாகவும் கரை மேடாகவும் உள்ள பிளைவீலைச் சீவினால் முகத்தில் எவ்வளவோ, கரையிலும் அவ்வளவு. சீட்டில் எழுதினாலும் வாயாலும் ஒரு முறை சொல்லுங்கள்.

கட்டை இல்லாமல் மட்டும் மலையேறாதீர்கள். நானும் புதிதாக ஒன்று செதுக்கி, பின் சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்த முறை தேவைப்பட்டால், வழியில் போகிற யாரையாவது கூப்பிட்டு வைக்கச் சொல்வேன். செல்லத்தாயிக்கு இது தெரியாது. தெரிந்தால் மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் இங்கே எழுதிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவளும் வகுப்புக்கு வருகிறாள்.