அனகாவின் வெள்ளைச் சாக்ஸ்

பிரேமகுமாரி பத்து வருடம் அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பருப்புத் தோல் உரித்தவள். இப்போது தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள பனச்சமூட்டில் ஸ்கூல் ஆட்டோ ஓட்டுகிறாள். வளைவில் லாரிக்காரனையே ஒதுங்க வைக்கிற தைரியம் அவளுக்கு உண்டு. பயமெல்லாம் ஆட்டோவில் வருகிற பிள்ளை அனகாவின் வெள்ளைச் சாக்ஸைப் பார்த்துத்தான். போன மாதம் அதில் ஒரு பொட்டுச் சேறு பட்டதற்கு, இன்னொரு தரம் இப்படி வந்தால் பிள்ளையை ஸ்கூல் பஸ்ஸில் விட்டுவிடுவேன் என்று அவள் அம்மா அஜிதா சொல்லிவிட்டாள். ஒருத்தி போனால் மற்ற அம்மாக்களும் பின்னாலேயே போவார்கள். அப்புறம் வெறும் ஆட்டோவையா ஓட்டுவது?

அன்று ஒரே மழை. கரண்டும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. கலெக்டர் லீவு விட்டாரா என்று பக்கத்து வீட்டுத் தங்கப்பனிடம் கேட்டாள். விடவில்லை, ரேடியோவில் சொன்னார்கள் என்றார். புண்ணியவான் கேட்டது நாகர்கோவில் ரேடியோ! பள்ளிக்கூடம் இருப்பதோ குன்னத்துகாலில், கேரளத்துத் திருவனந்தபுரம் ஜில்லாவில். அங்கே லீவு; கேட் பூட்டிக் கிடந்தது. மற்றப் பிள்ளைகளை வீடுகளில் விட்டாயிற்று. அஜிதா நெய்யாற்றின்கரைக்கு வேலைக்குப் போய்விட்டதால், அனகாவைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள்.

"மக்கா, கசேரிய விட்டு எறங்கப்பிடாது, கேட்டியா?" என்று நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மத்தியானத்துக்கு மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் பின்பக்கம் போனாள். மழை விட்டிருந்தது. செடியை ஆட்டி இழுத்தபோது முதுகுக்குப் பின்னால் அனகாவின் குரல் கேட்டது.

"அய்யே, இது மண்ணுக்குள்ளயா இருக்கு?"

எட்டு வயதுப் பிள்ளை, வாரத்தில் மூன்று நாள் மரச்சீனி தின்கிற பிள்ளை! பிரேமகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. கீழே பார்த்ததும் அடங்கிவிட்டது. சாக்ஸ் முழுக்கச் சேறு. மண்புழுவைக் கண்டு அலறிய அனகா, கொஞ்ச நேரத்தில் அதை உள்ளங்கையில் ஊரவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். போனது போகட்டும் என்று அடுத்த செடியை அவளையே பிடுங்கவிட்டாள்.

சாயங்காலம்வரை தேய்த்தும் கறை போகவில்லை. பிள்ளையை வீட்டில் விடப் போனபோது, அஜிதா வாசலில் நின்று சாக்ஸைப் பார்த்தாள். பிரேமகுமாரி வாயைத் திறக்குமுன் அனகா கையிலிருந்த மரச்சீனிக் கம்பை நீட்டினாள்.

"அம்மா, இத நடணும். நம்ம வீட்டுல மண்ணு எங்க இருக்கு?"

முற்றம் முழுக்க டைல்ஸ். அஜிதா பிள்ளையை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை அந்த வீட்டு முன்னால் ஹாரன் அடிக்கவே பிரேமகுமாரிக்குக் கை வரவில்லை. கேட் திறந்தது. முற்றத்தின் மூலையில் நான்கு டைல்ஸைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். நடுவில் கம்பு நின்றது. அஜிதாவின் நகக்கண்ணில் மண். பிள்ளையை ஏற்றிவிட்டு, ஒரு பொட்டலத்தையும் கொடுத்தாள்.

"பழைய சாக்ஸாக்கும், அக்கா. உங்க வீட்டுல கெடக்கட்டும். இனியும் லீவு தெரியாம கூட்டிட்டுப் போனா மாத்திவிடலாம்லா."