அசையாதீங்க என்று நான் சொன்னது

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த அடுத்த வார இறுதியில் பொகவந்தலாவைக்குப் போய்வந்தேன். காரணம் தேனீ. கொழும்பில் என் அறையின் பால்கனியில் ஐந்து தொட்டிச் செடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு வாரத்தில் ஒரு தேனீ வந்தாலே அதிசயம். புதிதாக வாங்கிய மேக்ரோ லென்ஸை வைத்துக்கொண்டு எறும்பையும் ஈயையும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பொறுக்காமல் என் அறைத்தோழி, "எங்க சித்தி வீட்டுக்குப் போ. லயத்து வாசல் பூராவும் பூதான்" என்றாள். அவளுடைய சித்தி பரமேஸ்வரி ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்.

நீங்களும் போவதென்றால், கொழும்பு கோட்டையிலிருந்து காலை 5.55 பதுளை ரயில் வசதி. வட்டவளை தாண்டும்போதே குளிர் தொடங்கிவிடும். ஹட்டனில் இறங்கியபோது பதினொன்றேகால். அங்கிருந்து பொகவந்தலாவைக்கு பஸ் ஒன்றரை மணி நேரம். நான் போனபோது நூற்றெழுபது ரூபாய். வளைவுகள் மோசம். கேமராப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஜாரிலிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு அறுநூறு.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் பையைப் பார்த்தார். "கல்யாண வீடா?"

"இல்லைங்க. தேனீயைப் படம் எடுக்க வந்தேன்."

"மாப்பிள்ளைத் தேனீயா, பொண்ணுத் தேனீயா?"

"பூவுக்கு வர்றதெல்லாம் பொண்ணுங்கதான்."

"அங்கயுமா?" என்றார் அவர். "இங்கயும் மலையில பொம்பளைங்கதான் கொழுந்து எடுக்குறாங்க."

தோழி சொன்னது பொய்யில்லை. லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், சித்தியின் வாசலுக்கு முன்னால், ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு டேலியா, சீனியா, செவ்வந்தி. சித்திக்கு நாற்பது வயதிருக்கும். ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, கேட்காமலே எல்லாம் சொன்னார். ஐந்து மாதத்துக்கு முன் மலையில் குளவி கொட்டி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அதற்குப் பிறகு கொழுந்துக்குப் போகவில்லை. பிள்ளைக்காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்க்கிற இடத்தில், லீவில் போன ஒருத்திக்குப் பதிலாக இருந்தார். அவள் திரும்பிவிட்டாள். "திங்கக்கிழமை பெரட்டுக்குப் போகணும், புள்ள. பேரு குடுத்து கூடையத் தூக்கணும். நெனச்சாலே பயமா இருக்கு" என்றார். நான் அனுதாபத்தோடு தலையாட்டினேன். குளவிதானே, நான் எடுக்கப்போவது தேனீயை என்றுதான் உள்ளே ஓடியது.

அன்று பிற்பகல் ஒன்றும் சரியாக அமையவில்லை. மேக்ரோவில் தெளிவாக விழும் இடம் நூல் அளவுதான். தேனீ காலை மாற்றினால் படத்தில் அதன் கண் மங்கிவிடும். வந்தவையெல்லாம் சின்னத் தேனீக்கள், ஒரு பூவில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மூன்று மணிக்கு மழை.

இந்தத் துறையில் ஒரு குறுக்குவழி உண்டு. சீனித் தண்ணீரைப் பூவில் தெளித்தால் தேனீ நின்று குடிக்கும். நல்ல படம் எடுப்பவர்கள் அதைச் செய்வதில்லை என்று படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் தெளிப்பான் போத்தலைப் பையில் வைத்தேன். மழை விட்டதும் ஒரு தடவை, ஞாயிறு விடிந்ததும் ஒரு தடவை தெளித்தேன். சித்தி பார்த்துவிட்டு, "என்னா அது?" என்றார்.

"பூவுக்குத் தண்ணி, சித்தி. துளி இருந்தா படத்துல அழகா இருக்கும்."

ஒன்பது மணிக்கு வெயில் ஏறியது. முதலில் ஒன்று வந்தது, விரல் கணு அளவு நீளம், பொன்னிற வயிறு. பிறகு ஐந்தாறு. கொஞ்ச நேரத்தில் டேலியாக்கள் ரீங்கரித்தன. மலைத்தேனீ. உயரமான மரங்களிலும் பாறைகளிலும் கூடு கட்டுபவை. கேமராவோடு மண்டியிட்டேன்.

சித்தி தண்ணீர் விழும் பீலியிலிருந்து வாளியோடு வந்தார். பூக்களுக்கும் சுவருக்கும் நடுவே வந்த பிறகுதான் பார்த்தார். "ஐயோ, குளவி!"

"குளவி இல்ல சித்தி, தேனீதான். பெரிய சாதி" என்றேன், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல்.

இந்தப் பக்கத்தில் மலைத்தேனீக்கும் குளவி என்றுதான் பெயர். அவரைக் கொட்டியதும் இதுதான். அந்த நிமிடத்தில் எனக்கே அது புரிந்தது. ஆனால் அதே நிமிடத்தில் ஒரு தேனீ வெள்ளை டேலியாவில் நாக்கை நீட்டி நின்றது. சித்தியின் நிழல் அந்தப் பூவின்மேல் விழுந்து, வெயிலின் கடுமை அடங்கி, வெளிச்சம் பால் போல ஆகியிருந்தது. அவர் பின்வாங்க ஓர் அடி எடுத்தார். நிழல் நகர்ந்தது.

"அசையாதீங்க!" என்றேன்.

அவர் நின்றார். வாளித் தண்ணீர் தளும்பி அவர் பாதத்தில் சிந்திக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். மேகம் மூடி, தேனீக்கள் கலைந்த பிறகுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. அவர் வாளியை வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை சொன்ன, புள்ள. இல்லாட்டி ஓடியிருப்பேன்."

மத்தியானத்துக்குள் லயம் முழுக்க அந்தக் கதை போய்விட்டது. "ஓடுனதாலதான் அன்னைக்கிக் கொட்டியிருக்கு. அசையாம நின்னா ஒண்ணும் பண்ணாது. படிச்ச புள்ள, தெரிஞ்சி வச்சிருக்கு" என்று சித்தி பக்கத்துக் காம்பரா ராணி அக்காவிடம் சொன்னார்.

"நீ அசையாம நின்னியா? பேசாமயும் நின்னியா?" என்றார் ராணி அக்கா. "அப்ப குளவிதான் பயந்து ஓடியிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கென்று முட்டை பொரித்தார்கள், அதையும் சாப்பிட்டேன். "நாளைக்கி மலைக்குப் போறேன். வந்தா அப்படியே கல்லு மாதிரி நிப்பேன்" என்று சித்தி சொன்னபோதுதான் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். பூவில் குடிக்கும் தேனீ வேறு, கலைந்த கூட்டிலிருந்து வரும் கூட்டம் வேறு. அதற்கு முன்னால் நிற்கக் கூடாது. ஓட வேண்டும். அன்று மலையில் ஓடியதால்தான் அவர் நான்கு நாளில் வீடு திரும்பினார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த நல்ல பெயர் இன்னும் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருந்தது.

திங்கள் காலை சித்தி இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு, முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பேர் பதியும் பெரட்டுக்களத்துக்குப் போகும் பாதையில் ஓடிப்போய் நிறுத்தினேன்.

"சித்தி, மலையில வந்தா நிக்காதீங்க. துணியால மூஞ்சிய மூடிக்கிட்டு ஓடிருங்க."

"ஏன்? நேத்து நீதானே..."

"நேத்து அதுங்க சீனித் தண்ணிக்கு வந்திச்சி. நான்தான் தெளிச்சேன்."

"பூவுக்குத் தண்ணின்னு சொன்ன?"

"பொய்."

"அப்ப அசையாதீங்கன்னது?"

"உங்க நெழலுக்கு. வெயில் பூவுல விழாம இருக்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "படம் நல்லா வந்திச்சா?" என்று கேட்டார்.

"வந்திச்சி."

"ராணிகிட்ட நீயே சொல்லு. நான் ஊருக்கெல்லாம் பேசிப்புட்டேன்."

பின்னால் வந்த ராணி அக்காவிடம் சொன்னேன். "அடிப் பாவி! சீனி விக்கிற வெலைக்கு அதக் குளவிக்கு ஊத்துனியா?" என்றார் அவர். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்து, பேச்சை நிறுத்திவிட்டார். சித்தி போனார், போகாமல் இருக்க முடியாது. ஆனால் இப்போது ராணி அக்காவின் பின்னால், அவருடைய கூடையை ஒரு கையால் பிடித்தபடி நடந்தார். முந்தைய நாள் நான் கொடுத்த தைரியம் பொய்தான். அதைப் பிடுங்கியதும் நானே.

இரண்டு வாரமாகிறது. ஒன்றும் ஆகவில்லை, தினமும் போகிறார் என்று தோழி சொல்கிறாள். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்க மனம் வரவில்லை. படம், நான் எடுத்ததிலேயே சிறந்தது. அதை இங்கே போடவில்லை.

போகிறவர்களுக்கு: காலை எட்டிலிருந்து பதினொன்று வரை நல்ல வெளிச்சம், பிற்பகலை மழைக்கு விட்டுவிடுங்கள். ஃப்ளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டினால் கடுமை குறையும், யாருடைய நிழலும் தேவையில்லை. வாசல் பூவைப் படம் எடுக்குமுன் அந்த வீட்டில் யாரையாவது கொட்டியிருக்கிறதா என்று கேளுங்கள், பதிலைக் காதில் வாங்குங்கள். சீனித் தண்ணீர் கொண்டுபோகாதீர்கள். கூட்டமாகத் துரத்தி வந்தால் முகத்தை மூடிக்கொண்டு கதவுள்ள இடத்துக்கு ஓடுங்கள். அசையாமல் நில் என்று யாராவது சொன்னால், அவர் கையில் கேமரா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.